மூன்றாவது ர

"இப்ப சொல்லுங்க மச்சான்."

"பேர்."

"இன்னொரு வாட்டி."

"பேர்."

"எப்படி இருக்கு?"

கடைசிக் கேள்வி மச்சானுக்கு இல்லை. ஜன்னலோரத் தொட்டியில் பிளாஸ்டர் குழைத்த ரப்பர் கிண்ணத்தைக் கழுவிக்கொண்டிருந்த மனைவிக்கு. அவள் திரும்பிப் பார்க்காமலே பதில் சொன்னாள்.

"அது கொட்டாவி."

மச்சான் கண்ணை மூடிக்கொண்டார். ஏற்றத்தில் வண்டியைக் கியர் மாற்றுகிற மாதிரி தாடையை ஒரு பக்கம் நகர்த்தி, நாக்கை எங்கோ ஏற்றி, மறுபடி சொன்னார். "பேர்."

"அதுவும் கொட்டாவிதான்."

"எனக்கு மூணுமே ஒண்ணாதான் கேக்குது," என்றார் செட்டுக்காரர்.

"உங்களுக்கு என்னைக்குத்தான் வேற வேறயா கேட்டுச்சு?"

அவளுக்குக் கோபம் இருந்ததா என்று அந்தக் குரலிலிருந்து சொல்ல முடியவில்லை. கிண்ணம் எப்போதோ சுத்தமாகிவிட்டிருந்தது. அவள் அதைக் கழுவிக்கொண்டேதான் இருந்தாள்.

அந்தத் தெருவில் அவரைப் பல் செட்டுக்காரர் என்பார்கள்; நாளடைவில் பல் விழுந்து செட்டு மட்டும் மிஞ்சியது. மருத்துவர்கள் அச்சு எடுத்து அனுப்புவார்கள், இவர் பல் வரிசை கட்டித் திருப்பி அனுப்புவார். வீட்டின் முன்னறைதான் பட்டறை. மேசையில் ஒரு ராவும் மோட்டார், மெழுகு உருக்கும் சின்ன விளக்கு, சுவர் முழுக்க அலமாரி. அலமாரியில் ஊர்க்காரர்களின் வாய்கள் வெள்ளை பிளாஸ்டரில் திறந்தபடி உட்கார்ந்திருக்கும். முப்பத்தொரு வருடமாக மனைவிதான் அவருக்குத் துணைக் கை. பல்லின் நிறத்தைப் பொருத்துவதில் அவள் கண்ணுக்கு ஈடில்லை. பிளாஸ்டர் இறுகிவிட்டதா என்று அவர் தொட்டுப் பார்ப்பார். அவள் நகத்தால் ஒரு தட்டுத் தட்டி, காதைச் சாய்த்து, "இன்னும் ரெண்டு நிமிஷம்" என்பாள். ஒரு நாளும் தப்பியதில்லை.

மச்சான் அவளுடைய ஒரே அண்ணன். முப்பது வருடம் பேருந்து ஓட்டியவர். ஓய்வு பெற்ற பிறகும் டிரைவர்தான், நாற்காலியில் உட்கார்ந்தால்கூட வலது கால் லேசாக முன்னே நீண்டிருக்கும். மனைவி போய்ச் சேர்ந்த பிறகு தனியாக இருந்தார். ஈறு கெட்டு, எட்டு மாதத்துக்கு முன்னால் எல்லாப் பற்களையும் எடுத்துவிட்டார்கள். இப்போது மகள் கடல் தாண்டித் தன்னிடமே கூப்பிட்டுக்கொள்கிறாள். வெள்ளிக்கிழமை காலையில் கிளம்ப வேண்டும். திரும்பி வருவதைப் பற்றி யாரும் பேசவில்லை. போவதற்கு முன்னால் தங்கை வீட்டு மாப்பிள்ளை கையால் ஒரு செட்டு கட்டிக்கொள்ள வந்தவர், வந்து பத்து நாள் ஆகிறது. இன்று புதன்.

செட்டு அருமையாக வந்திருந்தது. செட்டுக்காரரே மனசுக்குள் மெச்சிக்கொண்ட வேலை அது. மச்சான் ஆப்பிளைக் கடித்தார், வறுத்த கடலையை நொறுக்கினார். வழக்கமான சோதனையாக "வாழைப்பழம் சொல்லுங்க" என்றபோது, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி, ழகரம் வழுக்காமல், மூன்று முறை சொல்லிக் காட்டினார். தமிழ் முழுசும் வந்துவிட்டது. வராதது தங்கையின் பெயர் ஒன்றுதான்.

அண்ணன் தங்கை பிறந்த வீட்டு மொழி தமிழுக்குச் சித்தி மகள் மாதிரி. கண்ணுக்குக் கண்தான், நீருக்கு நீர்தான். கிட்டே போனால் முகம் மாறிவிடும். எழுத்து கிடையாது. பேசுகிறவர்கள் முன்பே கொஞ்சம், இப்போது விரல் விட்டு எண்ணினால் விரல் மிஞ்சும். அதில் ர மூன்று. ஒன்று பல்லின் பின்பக்கத்தில் துடிப்பது. இன்னொன்று கொஞ்சம் மேலே, ஈறு மேடேறுகிற இடத்தில். மூன்றாவதற்கு நாக்கை நன்றாகச் சுருட்டி அண்ணத்தின் குழிவில் கொண்டுபோய் வைக்க வேண்டும். வைத்துவிட்டு முழுசாகச் சொல்லவும் கூடாது. சொல்லின் கடைசியில் வந்தால் சத்தத்தைப் பாதியில் விட்டுவிட்டு மிச்சத்தைக் காற்றாக அனுப்ப வேண்டும்.

'பேர்' என்பதன் கடைசியில் முதல் ர வந்தால் அது கொட்டாவி. இரண்டாவது வந்தால், பாத்திரத்தின் அடியில் தீய்ந்து ஒட்டிக்கொண்டது. மூன்றாவது வந்தால், இனி வராது என்று எல்லாரும் குடையை எடுத்து வைத்த பிறகு ஒரு நாள் வந்து பெய்துவிட்டுப் போகிற கடைசி மழை. அவள் அந்த மழையன்று பிறந்தவள்.

முதன்முதலாக அவளை அவர் பார்த்தது, அவள் தன் அம்மாவைப் பல் கட்ட அழைத்து வந்த அன்று. அப்போது அவர் இன்னொருவரிடம் வேலை கற்றுக்கொண்டிருந்தார். அட்டையில் எழுதுவதற்காக, "கூட வந்தவங்க பேரு?" என்று கேட்டார்.

"பேர்."

"ஆமாம்மா, பேருதான் கேக்கறேன்."

"பேர்தான்."

"உங்க பேரு என்னன்னு கேட்டேன்."

"அதைத்தான் நானும் சொல்றேன்."

நாலாவது தடவை அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டாள். அவர் அட்டையில் 'பேர்: பேர்' என்று எழுதினார். அந்த அட்டை இன்னும் வீட்டில் இருக்கிறது.

கல்யாணமாகி இரண்டு வருடம் அவர் அவளைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார். அறையிலிருந்து, வாசலிலிருந்து, காரணம் இருந்தும் இல்லாமலும். பிறகு ஒரு முறை டிரைவர் வந்திருந்தார். இவர் உள்ளே பார்த்து ஒரு குரல் கொடுக்க, டிரைவர் குடித்துக்கொண்டிருந்த தேநீரைச் சட்டையில் துப்பிக்கொண்டார்.

"மாப்ள, என் தங்கச்சிய ஏன் தீஞ்சது தீஞ்சதுன்னு கூப்பிடறீங்க? சமையல் அவ்வளவு மோசமா?"

எல்லாரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். அன்று சாயங்காலம் அவளை "இந்தாம்மா" என்றார். அதற்குப் பிறகு இருபத்தொன்பது வருடம் இந்தாம்மாதான். அவள் ஏன் என்று கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. மகனுக்கு அந்த மொழியில் வா, சாப்பிடு, குளிருது என்று மூன்று சொல் தெரிந்திருந்தது. படிக்கப் போன ஊரில் அவனும் தங்கிவிட்டான். ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசி ஒலிக்கும், அண்ணன் கூப்பிடுவார். அவள் பெயர் அந்தக் கருவியில்தான் உயிரோடு இருந்தது. பல் போய் நாக்குப் பிடிமானம் இழந்ததிலிருந்து, எட்டு மாதமாக, அதிலும் அவள் கொட்டாவி.

புதன்கிழமை சாயங்காலம் அவர் மேசையைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது அவள் வந்து மோட்டார் பக்கத்தில் நின்றாள்.

"அண்ணன் என்கிட்ட தமிழ்ல உப்பு கேட்டார்."

"என்ன?"

"சாப்பிடறப்போ. 'உப்பு கொஞ்சம் குடும்மா'ன்னார்."

"அதுக்கென்ன? எனக்கும் புரியட்டும்னு கேட்டிருப்பார்."

"நீங்க அங்க இல்ல."

அவர் துணியைக் கீழே வைத்தார்.

"ரெண்டு நாளா அப்படித்தான் பேசறார்," என்றாள். "முந்தாநாள் மத்தியானம் எங்க மொழியில ஏதோ சொல்ல வந்தார். தப்பா வந்துச்சு. நான் சிரிச்சுட்டேன், சும்மாதான் சிரிச்சேன். அதுலருந்து தமிழ். கூச்சப்படறார். எங்கண்ணன் என்கிட்ட கூச்சப்படறார்ங்க."

"பேசப் பேச சரியாயிடும். புது செட்டு, நாக்குக்குப் பழகணும்."

"யார்கிட்ட பேசிப் பழகுவார்? வெள்ளிக்கிழமை போயிடுவார். அங்க போய் நாலு மாசம் அந்தச் சொல்லு வாயில வரலன்னா அப்புறம் வரவே வராது. ஞாயித்துக்கிழமை போன் பண்ணி 'நல்லா இருக்கியாம்மா, சாப்பிட்டியாம்மா'ன்னு கேப்பார். நானும் நல்லா இருக்கேன்னு சொல்லணும்."

அவள் கண்ணில் ஒன்றுமில்லை. இறுகிய பிளாஸ்டரைத் தட்டுகிற மாதிரி மேசை விளிம்பை நகத்தால் தட்டிக்கொண்டிருந்தாள்.

"செட்டுல ஏதாவது பண்ண முடியுமா?"

"அது நல்லா இருக்கும்மா. இதைவிட நல்ல செட்டு நான் கட்டினதில்ல."

"நல்லாத்தான் இருக்கு," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

வியாழன் காலை அவர் மேல் செட்டைக் கழற்றி வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இளஞ்சிவப்பில் வழவழவென்று இருந்தது. வழவழப்பாக்க அரை நாள் தேய்த்திருந்தார்.

"என்ன மாப்ள, கண்ணு வைக்கறீங்க?" என்றார் டிரைவர். பல் இல்லாத வாயில் அது பாதி காற்றாக வந்தது.

"உங்க சொந்த அண்ணம் எப்படி இருந்துச்சுன்னு பாக்கறேன்." அலமாரியிலிருந்து அவருடைய பிளாஸ்டர் வாயை எடுத்தார். மேலே, முன்பல் வரிசைக்குப் பின்னால், ஈர மணலில் அலை விட்டுப்போன மாதிரி வரி வரியாக மேடுகள். அதற்குப் பின்னால் நல்ல ஆழமான குழிவு. "இந்த வரியெல்லாம் நான் மூடிட்டேன். குழியையும் தூர்த்துட்டேன். உடையாம இருக்கணுமேன்னு தடிமன் வச்சேன். நாக்குக்கு எங்க போறதுன்னு தெரியல."

"தெரியாட்டிப் போகுது. தின்ன முடியுது, அது போதும். அங்க போய் நான் யார்கிட்ட பேசப் போறேன்? சுவத்துகிட்டயா?"

"இவகிட்ட. போன்ல."

"போன்ல காத்து வராது மாப்ள. எங்க மொழியில பாதி காத்து. வார்த்தை முடியற இடத்துல ஊதி அணைச்சிடுவோம். போன்காரன் சத்தத்த மட்டும் தூக்கிட்டு வர்றான், காத்த அங்கயே விட்டுர்றான். இவ குத்துமதிப்பாத்தான் புரிஞ்சுக்குவா." கொஞ்சம் யோசித்தார். "உங்க தமிழ்லயும் ரெண்டு ர இருக்கே. சின்னது ஒண்ணு, பெருசு ஒண்ணு."

"எழுதறப்போ ரெண்டு. பேசறப்போ யாரு பாக்கறா?"

"அதான். நீங்க எழுத்துல பத்திரமா வச்சுட்டு வாயில தொலைச்சுட்டீங்க. எங்களுக்கு எழுத்து இல்ல. வாயிலதான் எல்லாத்தையும் வச்சிருந்தோம்." விரலை வெறும் ஈறில் ஓட்டினார். "அதையும் பிடுங்கிட்டான் டாக்டர்."

சிரித்தார். சிரிப்பு நின்றதும் வலது காலை லேசாக அழுத்தினார், பிரேக்கில் வைத்த மாதிரி.

செட்டுக்காரருக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் ஒரு உபாயம் சொல்லியிருந்தார். பல் கட்டியவர் பேசும்போது சகரத்தில் விசில் அடித்தால், செட்டின் உட்பக்கத்தில் பொடி தூவி, பேசச் சொல்லி, கழற்றிப் பார். நாக்குத் தொட்ட இடத்தில் பொடி இருக்காது. காதை நம்பாதே, பொடியை நம்பு. அவர் டப்பாவிலிருந்து அச்சு எடுக்கிற வெள்ளைப் பொடியை எடுத்து, மெல்லிய தூரிகையால், பலகாரத்துக்கு மாவு தூவுகிற மாதிரி அண்ணம் முழுக்கத் தூவினார்.

"எச்சிலை முழுங்காதீங்க. ஒரே ஒரு தடவை சொல்லிட்டு வாயைத் திறங்க."

"பேர்."

கழற்றினார். முன்பல்லுக்குப் பின்னால் ஒரு ஈரப் புள்ளி. அவ்வளவுதான். பின்னாலெல்லாம் பனி விழுந்த தரை மாதிரி யாரும் மிதிக்காமல் கிடந்தது.

"கொட்டாவி," என்றார் செட்டுக்காரர். தொட்டியருகே இருந்த மனைவி சட்டென்று திரும்பினாள். முதல் முறையாக அவர் எந்த ர என்று சரியாகச் சொல்லியிருந்தார்.

மோட்டாரைப் போட்டார். தான் கட்டியதிலேயே நல்ல செட்டின் வயிற்றில் ராவு முனையை வைத்தார். இளஞ்சிவப்புத் தூள் பறந்தது. அளவுக் கருவியில் வைத்துப் பார்த்தார். இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் இருந்தது. ராவினார், பொடி தூவினார், மச்சான் சொன்னார், கழற்றினார். புள்ளி நகரவில்லை. மறுபடி ராவினார். ஒன்றரைக்கு வந்தது.

"போதும் மாப்ள. உடைஞ்சா நாளைக்கு நான் பொக்கை வாயோட பிளேன் ஏறணும். பாஸ்போர்ட்டுல பல்லோட இருக்கேன், உள்ள விட மாட்டான்."

"விடுவான். கொட்டாவின்னு நினைச்சுக்குவான்."

"நல்லா பேசறீங்க."

செட்டுக்காரர் மனசுக்குள் கணக்குப் போட்டார். இன்னொரு செட்டு செய்ய நேரமில்லை. மெழுகில் பல் நிறுத்தி, அச்சுப் பெட்டியில் அழுத்தி, வேகவைத்து, ஆறவைத்து எடுக்க இரண்டு நாள் வேண்டும். செட்டுக்குப் பின்னால் விரலை வைத்து ஜன்னலுக்கு நேரே பிடித்தால் விரலின் நிழல் தெரிய ஆரம்பித்திருந்தது.

மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். செட்டை வாங்கி, காதருகே வைத்து, நகத்தால் தட்டினாள்.

"இன்னும் தாங்கும்."

ராவினார். தட்டினாள்.

"கொஞ்சம்."

ராவினார். மோட்டார் நின்ற பிறகும் அறையில் அதன் சத்தம் இருந்தது. அவள் இரண்டு முறை தட்டினாள், மூன்றாவது முறை மிக மெல்ல.

"இதுக்கு மேல வேணாம். அழுதுடும்."

பிறகு அவர் மச்சானின் பிளாஸ்டர் வாயைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அதிலிருந்த வரிகளைப் பார்த்துப் பார்த்து, தூரிகை நுனியில் செட்டு வார்க்கிற இளஞ்சிவப்புக் குழம்பைத் தொட்டு, சொட்டு சொட்டாகச் செட்டின் அண்ணத்தில் வரிகளை ஏற்றினார். மூன்று வரி இடப்பக்கம், நாலு வலப்பக்கம், நடுவில் ஒரு மேடு. அவ்வளவு வருடம் ஒருவர் வாய்க்குள் இருந்தும் அவர் பார்த்திராத ஒரு நிலத்தை வரைகிற மாதிரி இருந்தது. காய்ந்ததும் பொடி தூவினார்.

டிரைவர் வாயில் பொருத்திக்கொண்டார். நாக்கு உள்ளே உலாவுவது கன்னத்தில் தெரிந்தது. புருவம் மேலே போயிற்று. வெளியே கிளம்பி வெகுநேரம் ஆனவர் தன் தெரு முனைக்கு வந்துவிட்ட மாதிரி ஒரு முகம்.

தங்கையைப் பார்க்கவில்லை. எதிரே சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

செட்டுக்காரருக்குக் கேட்டது 'பேர்' என்றுதான். ஆனால் கடைசியில் ஏதோ ஒரு மூச்சு இருந்தது, விளக்கை ஊதுவதற்கு முன்னால் வருகிற மூச்சு. அவர் மனைவியைப் பார்த்தார். அவள் கையிலிருந்த துணி கையிலேயே இருந்தது. அவள் வாயிலிருந்து ஒரு சொல் வந்தது. சின்னதாக, கேள்வி மாதிரியும் இல்லாமல் பதில் மாதிரியும் இல்லாமல். வீட்டில் யாராவது கூப்பிட்டால் 'இதோ' என்போமே, அது போல.

டிரைவர், சொன்னபடி கேட்கிறவராக, உடனே வாயைத் திறந்து செட்டைக் கழற்றி மாப்பிள்ளை கையில் வைத்தார். அண்ணத்தின் குழிவில், வரிகளுக்கு வெகுதூரம் பின்னால், பொடியில் ஒரு பிறை விழுந்திருந்தது. நகம் பதிந்த அளவு. அவர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். முப்பத்தொரு வருடமாகக் காதில் விழாமல் போன ஒன்று கண்ணுக்குத் தெரிந்தது.

"குடுங்க மாப்ள, பேசணும்," என்று டிரைவர் கையை நீட்டினார்.

கழுவிக் கொடுப்பதற்கு முன்னால் பென்சிலால் அந்தப் பிறையை பிளாஸ்டர் வாயின் மேல் அதே இடத்தில் வரைந்துகொண்டார்.

அன்று முழுவதும் அண்ணனும் தங்கையும் பேசினார்கள். சமையலறையில் ஆரம்பித்து, துணி மடிக்கிற கட்டிலில் தொடர்ந்து, பெட்டி கட்டுகிற இடத்தில் வந்து நின்றது. அவள் இவ்வளவு வேகமாகப் பேசுவாள் என்று அவருக்குத் தெரியாது. கையை வீசினாள், யாரையோ நடித்துக் காட்டினாள், அண்ணன் தொடையில் அடித்துச் சிரித்தார். நடுநடுவே அவளைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். பேச்சுக்குத் தேவையே இல்லாத இடத்தில்கூட. ஒவ்வொரு தடவையும் அவள் அந்தச் சின்னச் சொல்லைச் சொன்னாள். ஒருமுறை செட்டுக்காரர் ஏதோ எடுக்கப் போவதுபோல் உள்ளே போனார்.

"என்னங்க, டீ வேணுமா?" என்று அவள் தமிழில் கேட்டாள். முகம்கூடத் தமிழுக்கு மாறியது.

"இல்ல. நீங்க பேசுங்க."

பட்டறைக்குத் திரும்பியவர் கதவைச் சாத்தினார். பிறகு அச்சுக் கரண்டியில் பொடியைக் குழைத்துத் தன் வாயிலேயே வைத்து அழுத்திக்கொண்டார். ஊருக்கெல்லாம் பல் கட்டியவர், தன் அண்ணத்தை இதுவரை பார்த்ததில்லை. பிளாஸ்டர் ஊற்றி, அது இறுகியதா என்று அவளைப் போலவே நகத்தால் தட்டிப் பார்த்தார். ஒன்றும் புரியவில்லை, பத்து நிமிடம் கூடுதலாகவே விட்டுவிட்டார். அதன் மேல் காகிதம் போல மெல்லியதாக, பல் இல்லாத ஒரு தட்டை அழுத்தினார். பொடி தூவி வாயில் மாட்டிக்கொண்டு குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டார். கழற்றிப் பார்த்தார். தீய்ந்தது. இன்னொரு தடவை. தீய்ந்தது. நாக்கைச் சுருட்டிச் சுருட்டி அதன் அடி நரம்பு வலித்தது.

"குளிக்கறீங்களா?" என்று வெளியிலிருந்து அவள் குரல் கேட்டது.

"ம்."

"துண்டு இங்க இருக்கு."

வெள்ளிக்கிழமை காலையில் வண்டி வந்தது. டிரைவர் முன்சீட்டில் உட்கார்ந்து, பழக்கத்தில் கண்ணாடியைத் திருத்தப் போக, வண்டிக்காரன் முறைத்தான். கதவைச் சாத்துவதற்கு முன்னால் தங்கையிடம் ஒரு நீண்ட வாக்கியம் சொன்னார். மாப்பிள்ளையைப் பார்த்து, "மெலிசா இருக்கு, கடலை திங்க மாட்டேன்," என்றார். "ஒருவேளை உடைஞ்சா?"

"ஒட்டித் தரேன். அனுப்பி வைங்க."

"சரி." வண்டி நகர்ந்தபோது கண்ணாடிக்குப் பின்னால் அவர் வாய் ஒருமுறை அசைந்தது. அந்தச் சொல்தான். காற்றுகூட வெளியே வரவில்லை. அவள் அதற்கும் உதட்டுக்குள் பதில் சொன்னாள்.

வீட்டுக்குள் வந்ததும் அவள் நேராகத் தொட்டிக்குப் போய் நேற்றைய கிண்ணங்களை எடுத்துப் போட்டாள். குழாய் ஓடியது. அவர் மேசையில் உட்கார்ந்து ஒரு மருத்துவர் அனுப்பிய கீழ்த்தாடை அச்சைக் கையில் எடுத்தார், வைத்தார்.

"தீஞ்சதுன்னே கூப்பிட்டிருக்கலாம்," என்றாள் அவள், தொட்டியைப் பார்த்துக்கொண்டு.

"என்னது?"

"அப்போ. அண்ணன் சிரிச்ச அன்னைக்கு. அவர் சிரிச்சா என்ன? நீங்க விட்டிருக்க வேணாம். எனக்குத் தெரியும்ல யாரைக் கூப்பிடறீங்கன்னு."

பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தாள். முதுகு நேற்றைவிடச் சின்னதாகத் தெரிந்தது. அவர் இழுப்பறையைத் திறந்தார். மெல்லிய தட்டு உள்ளே இருந்தது. நேற்று சாயங்காலம் கடைசியாகக் கழற்றியபோது பொடியில் விழுந்த தடம் அதில் அப்படியே காய்ந்திருந்தது. பிறைதான் என்று சத்தியம் செய்ய முடியாது. பிறையின் பக்கத்தில் எங்கேயோ இருந்தது.

தட்டை எடுக்காமலே இழுப்பறையை மூடினார். நாக்கைச் சுருட்டினார், அண்ணத்தில் ஏற்றினார், அது தேடிய இடத்தைத் தொட்ட மாதிரி இருந்தது. சத்தத்தைப் பாதியில் விட்டார். மிச்சத்தை ஊதினார்.

அவள் கை தண்ணீருக்குள் நின்றது. திரும்பாமலே, யோசிக்காமலே, அந்தச் சின்னச் சொல்லைச் சொன்னாள். சொல்லிவிட்ட பிறகுதான் அறையில் யார் இருக்கிறார்கள் என்பது அவளுக்கு உறைத்திருக்க வேண்டும். குழாயை மூடினாள். கடைசிச் சொட்டு விழுகிறவரைக்கும் நின்றாள்.

"என்னங்க," என்றாள் மெல்ல. "இன்னொரு வாட்டி கூப்பிடுங்க."